தலைவர் வரும் வரை

மேடையில் அமர்ந்திருக்கும் கொறடா ஐயா அவர்களே, சட்டப் பிரிவுப் பெரியவர்களே, பின்வரிசை உறுப்பினர்களே, தையல் கூடங்களில் வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் அக்கா தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். இந்த இரங்கல் கூட்டத்தில் பேசுவோர் வரிசையில் என் பெயர் இல்லை. கட்சியின் சபை அலுவலகத்தில் உறுப்பினர்களுக்குக் குறிப்பு எழுதித் தருபவள் நான். மைக்கின் முன்னால் நிற்பது இதுதான் முதல் முறை. தலைவரின் கார் நெரிசலில் மாட்டிக்கொண்டதாம். சற்று முன் கொறடா ஐயா என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, நீதானே அந்தம்மாகூடவே இருந்தே? தலைவர் வர்ற வரைக்கும் ரெண்டு வார்த்தை பேசு, கூட்டம் கலைஞ்சிடப் போகுது" என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஏனென்றால் நம் தையலம்மா, மாண்புமிகு சபை உறுப்பினர், தையல் கூடத்திலிருந்து போய் இரண்டு தேர்தல்களில் வென்ற நம் தையலம்மா, சபையில் பேசியதெல்லாம் தலைவர் வரும் வரைதான்!

ஜெயித்து உள்ளே போனால் பேசலாம் என்று வெளியில் இருக்கும் நாம் நினைக்கிறோம். பேச முடியுமா? சபை நேரத்தைக் கட்சிக்குக் கொடுக்கிறது. கட்சி அதைப் பங்கு போடுகிறது. தலைவருக்கு ஒரு பங்கு, துணைத் தலைவருக்கு ஒரு பங்கு, மிச்சம் வக்கீல்களுக்கு. கொறடா எழுதித் தரும் பெயரைத்தான் சபாநாயகர் கூப்பிடுவார். மற்றவர்கள் மேசையைத் தட்டலாம்.

கொறடா ஐயாவின் அறை வாசலில் தையலம்மா நின்றதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

"ஐயா, இன்னிக்காச்சும் என் பேரை எழுதுங்க."

"அடுத்த தடவை பாக்கலாம்மா. இது சட்ட விஷயம்."

"தையல் கம்பெனி விஷயம்னு சொன்னாங்களே?"

"தையல் கம்பெனி பத்தின சட்ட விஷயம்மா."

வெளியே வந்து என்னிடம் சிரிப்பார். "பாத்தியா பட்டதாரி, துணி நம்மளதாம், கத்தரி அவங்களதாம்." எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் அவருக்கு நான் எப்போதும் பட்டதாரிதான். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆனால் தலைவர் வரத் தாமதமானால், கடைசி வரிசைக்குத் தகவல் வரும்: "எழுந்து ஏதாவது பேசுங்கம்மா." ஏதாவது! தலைவர் உள்ளே நுழைந்ததும் பாதி வாக்கியத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். அதனால் நான் எழுதித் தரும் குறிப்பின் மேல்பாதியை அவர் அடித்துவிடுவார். "பட்டனைத் தைச்சுட்டு அப்புறம் பூப் போடலாம். முதல் வரியிலேயே விஷயம் வந்துடணும் பட்டதாரி. ரெண்டாவது வரி நமக்குக் கிடைக்குதோ இல்லையோ."

அந்தத் தையல் கூடத்தில் தீப்பிடித்ததை இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. சபையில் விவாதம் நடந்தது. எல்லோரும் மின்கம்பிக் கோளாறு பற்றியே பேசினார்கள். தையலம்மாவின் பெயர் வரிசையில் இல்லை. அன்றும் தலைவர் வரத் தாமதம். தையலம்மா எழுந்தார்.

"சபாநாயகர் அவர்களே, அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள்."

அவ்வளவுதான். தலைவர் நுழைந்தார். நம் வரிசைகள் எழுந்து மேசையைத் தட்டின. தையலம்மா உட்கார்ந்தார். நான் மேல்மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அடுத்த இருக்கையில் நம் லாரிக்கார அண்ணன். லாரி ஓட்டி, சங்கம் நடத்தி, சபைக்கு வந்தவர். அவர் மட்டும் மேசையைத் தட்டவில்லை. "தட்டுங்கண்ணே, கொறடா பாக்கிறாரு" என்றாராம் தையலம்மா. "கை வரலை தங்கச்சி" என்றாராம் அவர். அவருடைய உடன்பிறந்த தங்கை அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தார்.

அந்த ஒரு வரி மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. விசாரணை வந்தது. இப்போது, ஆள் வேலை செய்யும்போது எந்தக் கதவையும் பூட்டக் கூடாது என்று ஒரு மசோதா வந்திருக்கிறது. அடுத்த வாரம் விவாதம். கொறடா ஐயா, அதற்கு நீங்களே தையலம்மாவின் பெயரை எழுதினீர்கள். முதல் பெயராக எழுதினீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

அன்று அவர் என் மேசைக்கு வந்து நின்றார். முகத்தில் அப்படியொரு வெட்கம், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி. "பட்டதாரி, இந்தத் தடவை ரெண்டாவது வரியும் எழுது" என்றார்.

எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.

இரண்டு தேர்தல்களில் ஜெயித்தவருக்கு இரண்டாவது வரி கிடைக்கவில்லையே! இந்த வருத்தத்தை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்?

வாசலில் கார் சத்தம் கேட்கிறது. முன்வரிசையில் எழுந்துவிட்டீர்கள். தயவுசெய்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம்தான். தையலம்மாவாக இருந்தால் இதை முதல் வரியிலேயே சொல்லியிருப்பார். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. முதலிலேயே சொன்னால் மைக்கை வாங்கிவிடுவீர்களோ என்று பயந்து, கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

அவர் பெயர் இருந்த இடத்தில் நேற்று ஒரு வக்கீல் ஐயாவின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அவர் நன்றாகப் பேசுவார், தெரியும். ஆனால் அதோ, தூண் பக்கத்தில் தலையைக் குனிந்து நிற்கிறாரே லாரிக்கார அண்ணன், ஜெயித்து வந்த நாளிலிருந்து அவர் சபையில் வாய் திறந்ததில்லை. அவருக்குப் பேச்சு வராது என்கிறீர்கள். வர விட்டோமா? குறிப்பு நான் எழுதித் தருகிறேன். முதல் வரி ஏற்கெனவே இருக்கிறது.

கொறடா ஐயா, இதோ உள்ளே வந்துவிட்ட தலைவர் ஐயா, அந்த இடத்தில் அண்ணன் பெயரை எழுதுங்கள். நீங்கள் வரும் வரை அல்ல ஐயா, அவர் முடிக்கும் வரை அவரைப் பேச விடுங்கள்.