தண்ணித் தொட்டி மேல ஒரு ஆந்தை

இல்லைங்க சார், மீட்டர் பாக்க வரல. எதிர் மாடி, பச்சைக் கதவு, அந்த வீடு நான். கழுத்துல தொங்குறதா? கேமராதாங்க. ஐயையோ, உங்க ஜன்னலையெல்லாம் எடுக்கலங்க, சத்தியமா! பறவை. பறவை மட்டும்தான். கதவைச் சாத்திராதீங்க, கொஞ்சம் கேளுங்க.

எங்கிட்ட இருக்கிறது சாதாரண ஜூம் லென்ஸ். காக்காயை எடுத்தாக் கொசு மாதிரி விழும். என் மச்சினன், அதான் வீட்டுக்காரி தம்பி, அவன் ஒரு லென்ஸ் வச்சிருக்கான், தூக்கவே ரெண்டு ஆள் வேணும். மச்சான், உங்க படத்துல பறவை எங்க இருக்குன்னு அம்புக்குறி போட்டுக் குடுங்கம்பான். நாலு பேர் முன்னாடி. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

அந்த மாதிரி லென்ஸெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாதுங்க. அதான் பழைய டெலிகன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கினேன். இதோ, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல வளையம் மாதிரி இருக்கே, இதான். தூரத்துல இருக்கிறதைக் கிட்டக் கொண்டுவந்துரும். ஆனா சும்மாக் கொண்டுவராது, பாதி வெளிச்சத்தைத் தின்னுரும். தானா ஃபோகஸ் பண்ணுன்னா, முன்னாடி போயி, பின்னாடி வந்து, எனக்கெதுக்கு வம்புன்னு நின்னுரும். கையாலதான் திருப்பணும். வெளிச்சம் பத்தாததால ஷட்டரும் மெதுவாத்தான் மூடும். அதுவரைக்கும் பறவை அசையக் கூடாது. எந்தப் பறவைங்க நமக்காக உக்காந்திருக்கும்? கிளி எடுத்தேன், வால் மட்டும் இருக்கு. மைனா எடுத்தேன், வெறும் கிளைதான் இருக்கு.

அப்பதாங்க உங்க தண்ணித் தொட்டி மேல அந்த ஆந்தையைப் பாத்தேன். இருங்க, சிரிக்காதீங்க, முழுசாக் கேளுங்க. என்னா பொறுமைங்க அதுக்கு! நான் எழுந்து போயி டீ குடிச்சிட்டு வந்தாலும் அப்படியே உக்காந்திருக்கு. மழையில கூட நகரல. பாவம், அடிகிடி பட்டிருக்குமோன்னு எனக்கு மனசே கேக்கல. உங்க முன்னாடி இவ்வளவு நேரம் உக்காந்திருக்கிற ஒரே ஜீவன் அதுதான்னு என்னைக் கிண்டலடிச்சா வீட்டுக்காரி.

படத்தைப் போட்டோ கிளப் போட்டிக்கு அனுப்பினேன். கன்வெர்ட்டர் போட்டதால லேசா மங்கல். அதைப் பாத்துட்டு நடுவர், பனிக்குள்ள பாக்கற மாதிரி இருக்கு, கனவு மாதிரி இருக்குன்னு உருகிட்டாரு. முதல் பரிசுங்க! மச்சினனுக்கு ஆறுதல் பரிசு கூட இல்ல. அன்னிக்குத்தான் என் வீட்ல நான் நெஞ்சை நிமித்தி நடந்தேன்.

ஆமாங்க, தெரியும். இன்னிக்குக் காலைலதான் தெரியும். உங்க வீட்டம்மா மாடிக்கு வந்தாங்க, ஆந்தையைக் கழுத்தோட பிடிச்சுத் தூக்கினாங்க, குழாயடில வச்சு சோப்புப் போட்டுத் தேச்சாங்க. நான் பதறிப்போயி ஜன்னல்லேந்து கத்துறேன், அவங்க பாட்டுக்கு அதைக் கவுத்துத் தண்ணியை வடிக்கிறாங்க. அப்பதான் அடியில ஓட்டை தெரிஞ்சது. புறாவை விரட்ட வச்சீங்களா? ஓஹோ.

வந்த விஷயம் என்னன்னா, கிளப்காரங்க எல்லாரும் சாயந்தரம் ஆந்தையை நேர்ல பாக்க வர்றாங்க. கூட்டிட்டு வர்றதே மச்சினன்தான், அவன் லென்ஸோட. அதுல பாத்தா பிளாஸ்டிக் ஒட்டின கோடு கூடத் தெரியும். அதனால... பை கொண்டாந்திருக்கேன். அவங்க போற வரைக்கும் எங்க வீட்ல இருக்கட்டும். பறந்து போச்சுன்னு சொல்லிக்கறேன். பத்திரமாத் திருப்பிக் குடுத்துருவேங்க.

அப்புறம் இன்னொண்ணு. திரும்ப வைக்கும்போது மூஞ்சி எங்க வீட்டுப் பக்கமாவே இருக்கட்டும். பழகிருச்சுங்க.