கேட் மிஷின் காட்டிய மணி

பெயர் ரிஜ்வான், வயது 27, தகப்பனார் பெயர் மொய்னுதீன், புதுவாயலில் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கையடக்கக் கருவிகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கருவியை அடியில் இருந்து இயக்கும் கெர்னல் என்ற மென்பொருளில் எது வேண்டும், எது வேண்டாம் என்று அமைப்பது என் பொறுப்பு.

கடந்த மார்ச் மாதம் பக்கத்து ஒயர் ஆலைக்கு, கேட்டில் லாரியின் நம்பரையும் அது போகும் நேரத்தையும் பதியும் கருவி செய்தோம். அது தூக்க நிலைக்குப் போனால் திரும்ப எழாமல் பேஜார் பண்ணியது. மறுநாள் டெலிவரி என்பதால், பேட்டரி இல்லாதபோதும் நேரத்தைக் காக்கும் கடிகாரச் சிப்பை இயக்கும் பகுதியைக் கெர்னலில் இருந்து எடுத்துவிட்டேன். கருவி எழுந்தது. ஆனால் பேட்டரியைக் கழற்றினால் மணி நின்றுவிடும், திரும்பப் போட்டால் நின்ற இடத்தில் இருந்துதான் ஓடும். இது தெரிந்தும், பிறகு சரிசெய்யலாம் என்று சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன்.

அதன் பிறகு 12.6.2008 அன்று அந்த ஆலையில் இருந்து தாமிர ஒயருடன் ஒரு லாரி திருட்டுத்தனமாக வெளியேறியது. கருவியில் பதிவான நேரம் பகல் 1.35. அன்று இரண்டு மணி வரை கேட்டில் காவல் பார்த்தவர் துளசிராமன் என்பதால் நேற்று போலீசார் அவரைப் பிடித்து வந்தார்கள்.

அதன் பிறகு இன்று காலை அவர் மனைவி குப்பம்மாள் எங்கள் கம்பெனி வாசலில் என்னைப் பார்த்து, "அன்னிக்கு அவரு டூட்டில அந்த லாரி போகவே இல்லையாம் சார். பன்னண்டு மணிக்கு பேட்டரிய கழட்டி ஒன்றரை மணி நேரம் சார்ஜ் போட்டாராம். மிஷின் பொய் சொல்லாதுன்றாங்க. அப்ப எங்க ஊட்டுக்காரருதான் பொய் சொல்றாரா?" என்று கேட்டார். கருவி ஒன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடியிருக்கிறது, லாரி போனது மூன்று மணிக்கு மேல், அப்போது துளசிராமன் காவலிலேயே இல்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. மேலாளர் அன்புசெல்வனிடம் சொன்னேன். அவர், "இன்னா ரிஜ்வான், ஆர்டர் மொத்தமும் போயிடும். வாய மூடிக்கினு இரு, இல்லன்னா உனக்கு வேல கிடையாது" என்றார். இன்று மாலை துளசிராமனைக் கோர்ட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அதன் பிறகு ஆய்வாளர் முன்னிலையில், போலீசார் எடுத்து வைத்திருந்த அந்தக் கருவியின் மணியைச் சுவர்க் கடிகாரத்தோடு சரியாக வைத்து, 11.10 ஆகும்போது பேட்டரியைக் கழற்றி, 11.30க்குப் போட்டேன். கருவி 11.10 என்று காட்டியது. ஆய்வாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உன் தப்புன்னு எழுதிக்கலாமா?" என்றார். எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன், எல்லாம் உண்மை. யாரும் மிரட்டி நான் இதைச் சொல்லவில்லை. மிரட்டியவர் சொல்லாதே என்றுதான் மிரட்டினார்.

(ஒப்பம்) ரிஜ்வான்
14.6.2008