இரண்டு இடத்தில் எண்ணப்பட்ட ஃபென்னா

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தலைவி மார்லிஸ் அம்மையார் அவர்களே, ஜெபம் செய்து தொடங்கிவைத்த போதகர் அவர்களே, என் வலப்பக்கம் வீற்றிருக்கும் மாவட்ட வாரியத் தலைவர் டெல்மர் மைண்ட்ஸ் அவர்களே, தேவாலயத்தின் இந்தக் கீழ்க்கூடத்தில் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் எம்டன் குரோவ் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். மெர்ல் ஹார்பர்ட்ஸ். உங்கள் பன்றிகளுக்கு வைத்தியம் பார்த்தே கிழவனானவன். இங்கே இருக்கிற பாதிப் பேருடைய கொட்டிலில் சாணியில் புதைந்து நின்றிருக்கிறேன். நாற்றத்துக்கு முகம் சுளிக்கிற மூக்கு எனக்குக் கிடையாது. அப்படிப்பட்ட எனக்கே இன்றைக்கு இந்தக் கூடத்தில் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

நம்மை விட்டுப் பிரிந்தவர் லவோன் உபன் அம்மையார். உங்களில் பலருக்கு வெறும் டீச்சர். நம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று, பிறகு நூலகத்தின் மூலை மேசையில் பூதக்கண்ணாடியும் தானுமாக உட்கார்ந்து, இந்த ஊரின் செத்துப்போனவர்களையெல்லாம் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தவர். இன்றைக்கு வாசலில் கொடுத்தார்களே ஒரு அட்டை, அதைப் புரட்டிப் பாருங்கள். 'எங்கள் சங்கத்தின் மாணிக்கம்' என்று அச்சடித்திருக்கிறது. மாணிக்கமாம்! போன பனிக்காலத்தில் இந்த மாணிக்கத்தைச் சான்றிதழ்க் குழுவிலிருந்து விலகிக்கொள்ளச் சொன்னது யார்? "கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்குங்க லவோன்" என்று சிரித்த முகத்தோடு சொன்னது யார்? மார்லிஸ் அம்மையாரே, பூவைச் சரி செய்ய வேண்டாம், அது நேராகத்தான் இருக்கிறது.

அவர் செய்த வேலை என்ன என்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் முதன்முதலில் மண்ணைக் கிளறியவர்களின் வாரிசு என்று நிரூபித்தால் எங்கள் சங்கம் முன்னோடிக் குடும்பச் சான்றிதழ் கொடுக்கும். வசந்த விருந்தில் முன்வரிசை மேசை. கோட்டில் குத்திக்கொள்ள ஒரு பொத்தான். அந்தப் பொத்தானுக்கு இந்த ஊரில் இருக்கிற ஆசை இருக்கிறதே! அதைச் சரிபார்ப்பவர் டீச்சர். ஒருவர் இணையத்திலிருந்து ஒரு வம்சாவளியை அப்படியே இறக்கிக்கொண்டு வந்தார். டீச்சர் பார்த்தார். "உங்க கொள்ளுத்தாத்தா ரெண்டு வயசுல கல்யாணம் பண்ணியிருக்காரு. கெட்டிக்காரர்தான். போய் வேற ஆளைப் பிடிச்சிட்டு வாங்க" என்றார். அந்த மனிதர் இன்றுவரை அவரோடு பேசவில்லை.

டீச்சரின் வழி எளியது. உயிரோடு இருப்பவரிடம் தொடங்கு, பின்னோக்கி நட. 1925-இல் நம் அயோவா மாநிலம் எடுத்த கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் தகப்பன் பெயரையும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும்கூடக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு முந்தையதற்குப் போ. மத்திய அரசு பத்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணியது. நடுநடுவே மாநிலம் தன் பங்குக்கு எண்ணியது. 1890-இல் மத்திய அரசு எழுதிவைத்தது தீயில் போயிற்று. அந்தப் பள்ளத்தைத் தாண்ட 1885-உம் 1895-உம் மாநிலக் கணக்கு இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதே, அதே பக்கத்தில் அக்கம்பக்கத்து வீடுகளையும் படி. "எழுத வந்தவன் பேரைத் தப்பா எழுதுவான் மெர்ல், பக்கத்து வீட்டைத் தப்பா எழுதமாட்டான்" என்பார். இந்தப் பிடிவாதம்தான் அவரை அந்த மேட்டுக்குக் கொண்டுபோய் விட்டது.

எந்த மேடு? ஏழைப் பண்ணைக்குப் பின்னால் இருக்கிற மேடு. நாதியற்றவர்களையும் கிழடுகளையும் மாவட்டச் செலவில் வைத்திருந்த பண்ணை. கட்டடம் எப்போதோ இடிந்துவிட்டது. செத்தவர்களைப் புதைத்த மண்மேடுகள் மட்டும் புல்லுக்கடியில் கிடக்கின்றன, கல் இல்லை, பெயர் இல்லை. அந்த மேட்டை இப்போது ஒரு பன்றி நிறுவனம் கேட்கிறது. மேலே கொட்டகை வரும். சரிவில் கழிவுக் குட்டை வரும். வருகிற செவ்வாய்க்கிழமை வாரியம் வாக்கெடுக்கப் போகிறது.

டீச்சர் வாரியத்தின் முன் போய் நின்றார். நம் வாரியத் தலைவர் அன்றைக்கு என்ன சொன்னார் என்பதை அவையில் இருந்த எல்லோரும் கேட்டோம். "டீச்சர், நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. ஒரே ஒரு குடும்பம் வந்து, எங்க ஆளு அங்க படுத்திருக்குன்னு சொல்லட்டும். அந்த நிமிஷமே விக்கிறதை நிறுத்திடுறேன். யாரும் வரலையே!" என்ன பெருந்தன்மை! கைதட்டல்கூட விழுந்தது.

ஒரே ஒரு குடும்பம். அதைத் தேடித்தான் டீச்சர் தம் கடைசி மாதங்களைச் செலவழித்தார். பண்ணையின் சொந்தப் பதிவுகளை என்றைக்கோ குப்பையில் போட்டாயிற்று. மிஞ்சியது மக்கள் தொகைக் கணக்கு ஒன்றுதான். கணக்கெடுப்புக்காரன் மாளிகைக்குப் போனதுபோலவே ஏழைப் பண்ணைக்கும் போய் எல்லோரையும் எழுதியிருக்கிறான். அங்கேதான் டீச்சர் ஃபென்னாவைக் கண்டுபிடித்தார்.

ஃபென்னா யார்? நம் எல்லோருடைய ஆட்களையும்போலக் கடல் தாண்டி வந்தவள். புருஷனோடு புல்வெளியைக் கொத்திப் பண்ணையாக்கியவள். விதவையானவள். 1880-ஆம் ஆண்டு மத்திய அரசுக் கணக்கெடுப்பில் மகன் வீட்டில் இருக்கிறாள். மகன், மருமகள், பிள்ளைகள், கடைசி வரியில் 'தாய், ஃபென்னா'. அழகான குடும்பம்! அதே கணக்கெடுப்பில், அதே கோடையில், ஏழைப் பண்ணையிலும் ஒரு ஃபென்னா இருக்கிறாள். அதே குடும்பப் பெயர், அதே வயது, பிறந்த ஊரும் அதுவே. அந்த வருடம் ஏழைகளுக்கென்றே தனியாக ஒரு தாள் போட்டார்கள். எந்தப் பகுதியிலிருந்து பண்ணைக்கு வந்தவள் என்று அதில் எழுதியிருக்கிறது. மகன் இருந்த அதே பகுதி.

ஒருத்தி எப்படி இரண்டு இடத்தில் இருக்க முடியும்? நான் கேட்டேன். டீச்சர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "வாசல்ல வந்து கேட்டவன்கிட்ட மகன் பொய் சொல்லியிருக்கான் மெர்ல். அம்மா எங்கன்னு கேட்டா, பண்ணையில கொண்டுபோய் விட்டுட்டேன்னு சொல்ல அவனுக்கு வெக்கமா இருந்திருக்கு. இங்கதான் இருக்காங்கன்னு எழுத வச்சுட்டான்."

இந்த ஊரில் நாம் சொல்லக்கூடிய பொய் அல்லவா இது! பெற்றவளைத் தள்ளிவிட வெட்கமில்லை, தள்ளிவிட்டது ஊருக்குத் தெரிந்துவிடும் என்றால் மட்டும் வெட்கம்!

பாவம், வறுமையாக இருந்திருக்கும் என்றேன் நான். டீச்சர் இன்னொரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதே வருடம் விவசாயிகளுக்கும் தனித் தாள் உண்டு. நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, பன்றி எத்தனை. ஃபென்னாவின் மகனுக்குக் கொட்டில் நிறையப் பன்றிகள்! பன்றிக்குக் கூரை இருந்தது, பெற்றவளுக்கு இல்லை. வாழ்நாளெல்லாம் பன்றிகளோடு கிடந்தவன் நான், எந்தப் பன்றியும் என்னை இப்படி அருவருக்க வைத்ததில்லை.

1885-இல் மாநிலம் எண்ண வந்தபோது மகன் வீட்டில் 'தாய்' என்ற வரியே இல்லை. ஐந்து வருடத்தில் பொய்கூட அலுத்துவிட்டது போலும். பண்ணையில் மட்டும் இருக்கிறாள். 1895-இல் எங்குமே இல்லை. தேவாலயக் கல்லறையில் புருஷன் பக்கத்தில் இடம் காலி. அந்த மேட்டில்தான் கிடக்கிறாள்.

அந்த மகன் வழியில் இன்றைக்கு இருக்கிற வாரிசின் வீட்டுக்கு டீச்சர் போனார். கண் மங்கிவிட்டதால் நான்தான் வண்டி ஓட்டினேன், வாசற்படிக்குக் கீழே நின்றேன். அது யார் வீடு என்று சொல்ல மாட்டேன். "வாசல்ல பேசினது வாசலோட போகணும் மெர்ல். அவங்க செத்தவங்களைப் பத்தி அவங்கதான் பேசணும், நாம இல்ல" என்று டீச்சர் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். பெயரை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் சொல்கிறேன்.

"ஃபென்னா பாட்டியா? அவங்க வீட்லதான் செத்தாங்க. கணக்கெடுப்புலயே இருக்கே! அதைப் பார்த்துத்தானே டீச்சர் நீங்களே சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன்ப்பா. அப்ப ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருந்தேன். இப்ப ரெண்டையும் பார்த்துட்டேன். நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொன்னா? எங்க கொள்ளுத்தாத்தா தன்னைப் பெத்த அம்மாவை அநாதையா விட்டாருன்னு ஊரே பேசும். வேணாம் டீச்சர். காபி சாப்பிடுறீங்களா?"

"வேணாம்."

கதவு சாத்தப்பட்டது. கணக்கெடுப்புக்காரனிடம் அன்றைக்கு ஒருவன் வாசலில் நின்று சொன்ன பொய்யை, அவன் வழி வந்தவன் டீச்சரிடம் வாசலில் நின்று திரும்பச் சொன்னான். படிக்கட்டில் இறங்கும்போது டீச்சரின் கையை நான் பிடித்துக்கொண்டேன். அடுத்த வாரமே அந்த வீட்டிலிருந்து சங்கத்துக்குப் புகார் போயிற்று. குழுவிலிருந்து அவர் விலகவும் நேர்ந்தது. இதுதான் அந்த 'ஓய்வு'!

அப்போதும் ஒரு புண்ணியவான் யோசனை சொன்னார். "அங்க கிடக்கிறதுல யாராவது ஒருத்தரை உங்க சொந்தம்னு நீங்களே சொல்லிடுங்க. யார் பார்க்கப் போறா?" சொல்லியிருக்கலாம். மேடு தப்பியிருக்கும். நானும் மனதுக்குள் அதைத்தான் விரும்பினேன். டீச்சர் சிரித்தார். "பொய்யாத் தள்ளிவிட்டவங்களோட நான் சண்டை போட்டுட்டு இருக்கேன். நான் பொய்யாச் சேர்த்துக்கவா?" என்றார். எத்தனை பேருக்கு வாய்க்கும் இந்த நேர்மை? நமக்கு வாய்க்குமா?

இப்போது அந்தப் பக்கத்து மேசையைப் பாருங்கள். பன்றித்தொடைக்கறி வைத்த ரொட்டி அடுக்கடுக்காக இருக்கிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் பசியாறட்டும் என்று அனுப்பியவர்கள் யார் தெரியுமா? மேட்டைக் கேட்கிற அதே நிறுவனம்! பூவளையமும் அவர்களுடையதுதான், நாடாவில் பெயர் போட்டிருக்கிறது. யாரை எதிர்த்துச் செத்தாரோ, அவர்கள் அனுப்பிய கறியை அவர் பெயரைச் சொல்லி மெல்லப் போகிறோம். த்தூ! போதகர் மன்னிக்க வேண்டும், தேவாலயத்துக்குள் இந்தச் சொல் வந்துவிட்டது. ஆனால் நான் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

லவோன் உபன் அம்மையாரே! உங்கள் நூலக மூலை இனி காலியாக இராது. எனக்குப் பூதக்கண்ணாடி பிடிக்கத் தெரியும், திட்டு வாங்கியும் பழக்கம். மத்திய அரசு எழுதியதையும் மாநிலம் எழுதியதையும் அக்கம்பக்கத்தோடு சேர்த்துப் படிப்பேன். மேட்டில் கிடக்கிற ஒவ்வொருவருக்கும் வீடு தேடுவேன், ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்பேன், கதவைச் சாத்தினால் மறுநாளும் போவேன். ஃபென்னாவின் வாசலுக்கும் நாளைக் காலையிலேயே போவேன். செவ்வாய்க்கிழமைக்கு முன் அந்த வீட்டார்...

என்ன, தலைவர் அவர்களே? எழுந்துவிட்டீர்கள்? கூடத்துக்குக் கேட்கவில்லை, இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள். "போதும் மெர்ல், உக்காரு, எங்க வீட்டு விஷயத்தை இங்க இழுக்காத" என்றா?

பெருமக்களே, நீங்களே சாட்சி. நான் யார் வீடு என்று சொல்லவில்லை. ஃபென்னா என்று மட்டும்தான் சொன்னேன். டீச்சருக்குக் கொடுத்த வாக்கு என் பக்கம் உடையவில்லை.

டெல்மர், உட்காராதே. உன் பன்றிக்குட்டிகளை நடு இரவில் வந்து காப்பாற்றிக் கொடுத்தவன் கேட்கிறேன், நில். இதோ மைக்கை உன் பக்கம் திருப்பிவிட்டேன். என்னை வைய வேண்டுமா, பிறகு ஆசை தீர வை. ஒரே ஒரு குடும்பம் வந்து சொல்லட்டும் என்றாயே, அந்தக் குடும்பம் எழுந்து நிற்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. கணக்கெடுப்புக்காரன் மறுபடியும் உன் வாசலுக்கு வந்திருக்கிறான் என்று வைத்துக்கொள். தாளை விரித்துவிட்டான். பேனாவைத் திறந்துவிட்டான். கேட்கிறான்.

உங்க வீட்டு ஆளுங்க யார் யாருப்பா? அம்மா எங்க இருக்காங்க?