மேலால ஒரு பிடி

உங்கள் தேநீரில் சீனி போதாது. ஆனால் நான் குறை சொல்ல வரவில்லை.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்தீர்கள், சேர். கஸ்பர் நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்தானே, ஏன் இந்த வேடம் என்று. பேசுவேன். என் ஆங்கிலம் விலை பேசப் போதும். அதற்கு மேலே அதை நம்பியதால்தான் ஒரு அப்பாவி உங்கள் காவலில் இருக்கிறான். அதனால் இந்தத் தடவை தமிழ். நீங்கள் அழைத்து வந்திருக்கும் ஸ்ரீநிதி சென்னைப் பிள்ளை. என் யாழ்ப்பாணத் தமிழில் பாதி அவருக்குப் புரியாது. பரவாயில்லை, கேட்டுக் கேட்டு எழுதட்டும்.

நான் வந்தது என் மருமகன் டெனுசனுக்காக. அவனை வெளியே விடுங்கள். இங்கே லண்டனில், சட்டனில் பிறந்து சட்டனிலேயே வளர்ந்தவன். வங்கியில் வீட்டுக்கடன் பகுதியில் வேலை. அவன் வாழ்க்கையில் செய்த பெரிய குற்றம் தன் கலியாண வீட்டில் மைக்கைப் பிடித்துப் பாடியது. அதற்கு நாங்கள் அன்றே அவனை மன்னித்துவிட்டோம்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் என் கந்தோர், ஸ்ரீநிதியின் தமிழில் அலுவலகம். நீச்சல் குளத்துக்கும் குடிதண்ணீருக்கும் போடுகிற இரசாயனங்களை ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்கு விற்கிறேன். சாமான் என் கண்ணில் படுவதே இல்லை. அது ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குப் போகும். நான் இங்கே தொலைபேசியோடு இருப்பேன். குளோரினும் அப்படித்தான். பயப்படாதீர்கள். இந்தத் தேநீரிலும் கொஞ்சம் இருக்கிறது.

வாங்க வந்தவர் தன்னை டொக்டர் என்று சொல்லிக்கொண்டார். எதற்கு டொக்டர் என்று நான் கேட்கவில்லை. லண்டனில் அதைக் கேட்பது மரியாதை இல்லை. அவருடைய நாட்டின் பெயர் உங்கள் கோப்பில் இருக்கும். அங்கே அரசாங்கம் தன் சொந்தச் சனத்தோடு நெடுங்காலமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அரசாங்கத்துக்குத் திடீரென்று சனத்தின் குடிதண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற கவலை வந்தது. எத்தனை நல்ல அரசாங்கம். இங்கே லைசென்ஸ் கொடுத்த உங்கள் ஆட்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். இரண்டு அரசாங்கங்கள் நம்பிய ஒன்றை மேல்மாடிக் கந்தோர்க்காரன் நம்பினால் மட்டும் பிழையா?

நான் நம்பவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும்.

டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்து பேசினோம். நான் விலையைச் சொன்னேன். யார் கேட்டாலும் முகத்தைச் சுளிக்கிற விலை. சுளிக்கட்டும், குறைக்கட்டும் என்றுதான் அப்படிச் சொல்வது. டொக்டர் கொத்து ரொட்டியைக் கரண்டியால் கிளறிக்கொண்டே "சரி" என்றார்.

நாங்கள் பேரம் பேசுகிற வீட்டில் பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் என் அப்பாவின் கடையில், சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறவரைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர்களே பரிதாபப்படுவார்கள். பேரம் பேசாமல் வாங்குகிறவர்களை நான் இரண்டு வகையில்தான் கண்டிருக்கிறேன். புதுக் காதலிக்குச் சீலை வாங்குகிறவர் ஒரு வகை. வாங்குகிற சாமானைச் சொன்ன வேலைக்குப் பாவிக்கப் போகாதவர் மற்ற வகை. டொக்டருக்கு வயது போயிருந்தது. குளோரினைக் காதலிக்குக் கொடுக்கிற வழக்கமும் இல்லை.

ஆகவே எனக்குத் தெரியும். அங்கே, அந்த மேசையில், இரண்டாவது பிளேன்ரீ வருவதற்கு முன்பே தெரியும்.

பிறகு அவர் என்னைப் பற்றி விசாரித்தார். அன்பாகத்தான் விசாரித்தார். "மிஸ்டர் கஸ்பர், நீங்களும் ஒரு யுத்தத்திலிருந்து வந்தவர்தானே. குண்டு போடும்போது எங்கே ஒளிப்பீர்கள்?"

என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை, சேர். இங்கே அகதி விண்ணப்பம் கொடுத்தபோதுகூட எந்தத் தேதி, எந்தப் படகு என்றுதான் கேட்டார்கள். ஒரு மனிதர் ஆர்வத்தோடு கேட்டால் யார்தான் பேசமாட்டார்? வளவுக்குள் கிடங்கு வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடுவோம் என்றேன். பொம்மர் விமானச் சத்தம் கேட்டால் முதலில் பிள்ளைகளை இறக்குவோம், பிறகு பெண்கள், கடைசியாக ஆம்பிளைகள். வானத்திலிருந்து எது வந்தாலும் கீழே போனால் தப்பலாம். எங்கள் சனத்துக்கு அது மூச்சு விடுவது மாதிரிப் பழகிப்போனது. அந்தக் கிடங்குக்கு நாங்கள் சொல்கிற பெயரையும் சொன்னேன். பங்கர். ஆங்கிலச் சொல்தான், எங்கள் வாயில் கிடந்து தமிழாகிவிட்டது.

"எங்களுடைய ஆட்களும் கீழேதான் போகிறார்கள்," என்றார் டொக்டர். "மாதக்கணக்காகக் குண்டு போட்டும் ஒருவரும் வெளியே வருகிறார்களில்லை."

தண்ணீர் சுத்தம் செய்கிறவர் சொல்கிற வசனம் இல்லை அது. நான் தலையாட்டிவிட்டு பில்லைக் கேட்டேன். அவரே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. ஒரு மனிதர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போகிறார். அது எங்கள் கடை வழக்கம் இல்லை. அரிசியை அளந்து போட்ட பிறகு, ஆள் திரும்ப முதல், மேலால ஒரு பிடி போடுவோம். அளவில் வராதது, விலையில் வராதது. அந்தப் பிடிக்காகத்தான் ஆள் திரும்பி வரும். எனவே டொக்டருக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நீங்கள் அவருடைய தொலைபேசியிலிருந்து எடுத்து, எனக்கு நேற்றுப் போட்டுக் காட்டியது அதைத்தான். நான் ஆங்கிலத்தில் சொன்னதன் அர்த்தம் இது: கவலைப்பட வேண்டாம் டொக்டர், அது காற்றைவிடப் பாரமான சாமான், எல்லாவற்றுக்கும் முதல் அது பங்கருக்குத்தான் போகும்.

நீங்கள் பாங்கர் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாரமான சாமான் என்றால் காசு என்று எடுத்திருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் முதல் வங்கிக்காரருக்குப் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். என் குடும்பத்தில் வங்கிக்காரர் யார் என்று தேடிப் போய், விடியவே கதவைத் தட்டி, டெனுசனைக் கொண்டுபோனீர்கள். உங்களில் பிழை இல்லை. லண்டனில் எந்த அழுக்கு வேலையிலும் நடுவில் ஒரு வங்கிக்காரர் இருப்பார் என்பது நல்ல ஊகம்தான். இந்த ஒரு தடவை பிழையாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், டெனுசனும் அப்படித்தான் கேட்டிருக்கிறான். "மாமா என்னைத்தான் சொல்லியிருக்கிறார், ஆனா ஏன் எண்டு தெரியாது" என்று வழக்கறிஞரிடம் சொன்னானாம். பங்கரைக் காணாத பிள்ளை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

இன்று காலை என் மகள் பெனிற்றா, டெனுசனின் மனிசி, அழுதுகொண்டு வந்தாள். வழக்கறிஞர் கொடுத்த பதிவு அவளுடைய தொலைபேசியில் இருந்தது.

"அப்பா, ஆர் அந்த பாங்கர்? உண்மையைச் சொல்லுங்கோ. டெனுசனை மறியலில போடப் போகினம்."

"எனக்கென்ன தெரியும் பிள்ளை," என்றேன். அது பொய். ஆனால் சின்னப் பொய். காசு விஷயம் என்றால் கொஞ்ச வருடத்தில் வெளியே வந்துவிடுவான், இளம் பொடியன் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இருந்தால்தானே நல்ல வழக்கறிஞர் பிடிக்கலாம்.

"இது உங்கட குரல்தானே?" என்று அவள் பதிவைப் போட்டாள்.

குசினிக்குள் பியற்றிஸ் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என் மனிசி. பள்ளிக்கூடம் போன காலத்தில் பாதியைப் பங்கருக்குள் கழித்தவள். கத்திச் சத்தம் நின்றது.

"திருப்பிப் போடு," என்றாள்.

பெனிற்றா திருப்பிப் போட்டாள்.

"அது பாங்கர் இல்லைப் பிள்ளை. பங்கர்."

"பங்கர் எண்டா?"

பியற்றிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். என்னைத்தான் பார்த்தாள். "இஞ்சருங்கோ," என்றாள், "ரீவியில காட்டின அந்த ஊர்ச் சனத்துக்காக மாதா கோயில்ல பூசை ஒப்புக்கொடுக்கேக்க நீங்கள் எனக்குப் பக்கத்திலதானே முழங்காலில நிண்டனீங்கள்?"

"ஓம்," என்றேன். நின்றது உண்மை. உண்டியலிலும் போட்டேன்.

டொக்டரின் நாட்டில், அந்த ஊரில் நடந்ததைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். விடியற்காலை, காற்று இல்லாத நேரம். குண்டுச் சத்தத்துக்குப் பழகின சனம் வழக்கம் போல நிலவறைகளுக்குள் இறங்கியது. முதலில் பிள்ளைகளை. இறங்கினவர்களில் ஒருவரும் ஏறி வரவில்லை. படி இறங்க ஏலாத ஒரு கிழவர் மட்டும் மேல்மாடியில் உயிரோடு இருந்தார். அவரிடம் மைக்கை நீட்டி எப்படித் தப்பினீர்கள் என்று கேட்டார்கள். முழங்கால் வருத்தம் என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கல் இல்லை.

அதற்குப் பிறகும் ஏன் இரண்டாம் தடவை சாமான் அனுப்பினாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டாம் தடவை டொக்டர் பேரம் பேசினார். நன்றாக, வியர்க்க வியர்க்கப் பேசினார். எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா. பேரம் பேசுகிறவர் என்றால் தண்ணீருக்குத்தான் வாங்குகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பியற்றிஸ் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, "நீங்களே போய்ச் சொல்லுறியளோ, நான் போய்ச் சொல்லட்டோ?" என்றாள். சத்தம் போடவில்லை. பிறகு கோட்டை எடுத்துத் தந்து, "குளிருது, போட்டுக்கொண்டு போங்கோ," என்றாள். பெனிற்றா அந்தச் சொல்லைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்தாள். நான் வாசலைத் தாண்டும்போது அவள் கண்டுபிடித்திருக்க வேண்டும். "அப்பா" என்று ஒரு குரல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதனால்தான் வந்தேன். நானாகவே வந்தேன் என்று எழுதிக்கொள்வது நல்லது.

ஸ்ரீநிதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்: "சார், 'மேலால ஒரு பிடி'ன்னு சொன்னீங்களே, அப்படின்னா என்ன? எக்ஸ்ட்ரா சார்ஜா?"

"இல்லை பிள்ளை. சும்மா குடுக்கிறது. சாமானோட."

"ஓ, கொசுறா? எங்க ஊர்ல கொசுறுன்னு சொல்லுவோம். கறிவேப்பிலை, கொத்தமல்லி..." அவர் சிரிக்கத் தொடங்குகிறார். பிறகு தான் எழுதி வைத்திருப்பதைப் பார்க்கிறார். சிரிப்பு நின்றுவிட்டது. பேனையைக் கீழே வைத்துவிட்டார். அவரைக் கொஞ்சம் வெளியே போய்வர விடுங்கள், சேர். தண்ணீர் கொடுங்கள்.

நல்ல சொல், கொசுறு. எங்களுடையதைவிடச் சுருக்கம்.

வந்துவிட்டீர்களா பிள்ளை? இருங்கோ. இனி முடிந்துவிட்டது. அதிகாரிக்குச் சரியாகச் சொல்லுங்கோ, ஒரு எழுத்தும் மாறக்கூடாது. ஒரு எழுத்து மாறி என் மருமகன் பட்டது போதும். பாங்கர் ஒருவரும் இல்லை. பங்கர்தான். டெனுசனை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கோ. டொக்டர் எதற்கு வாங்குகிறார் என்று எனக்குத் தெரியும். சனம் எங்கே இருக்கும் என்றும் தெரியும், சாமான் எங்கே போகும் என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் காசுக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதவேண்டாம். காசு சாமானுக்குத்தான் வாங்கினேன், சாமான் லைசென்ஸோடு போனது. பங்கரைப் பற்றிச் சொன்னதற்கு நான் ஒரு சதமும் வாங்கவில்லை.