ராக்கு கடை மத்தியானச் சாப்பாடு

ஏ பூமயிலு, அந்த போன் வெளிச்சத்த அமத்து மொதல்ல. மூஞ்சியில அடிக்குது. களத்துல மொளகா வத்தலுக்குக் காவல் இருக்க வந்தியா, படம் பாக்க வந்தியா? எல்லாரும் கிட்ட வாங்க. மழை தூறுச்சுன்னா எந்திரிச்சு தார்ப்பாய இழுத்து மூடணும், தூங்கிறக் கூடாது. தூக்கம் வராம இருக்க ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு, ஒண்ணுக்குப் போகத் தொணைக்கு வான்னு என்னைய எழுப்பக் கூடாது... இப்பவே சொல்லிட்டேன்.

பேயின்னா ராத்திரிதான் வரும்னு யாரு சொன்னா உங்களுக்கு? இது பட்டப்பகல்ல நடந்தது. மத்தியானம்... பன்னெண்டே கால்.

நம்ம ஜெயப்பிரியா இருக்கால்ல, அவ பெரியப்பா மகன் பிரபாகரன். உத்தரகோசமங்கைப் பக்கம் சொந்தக் காட்டுல குண்டு வத்தல் போடுறவரு. வத்தல மூடை கட்டி, குட்டியானை வண்டியில ஏத்தி, கடலோரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அவரே கொண்டு போய் எறக்குவாரு. நல்ல மனுசன். வாய்க்கு ருசியா எங்கன கெடைக்கும்னு அவரத்தான் கேக்கணும், ஒவ்வொரு கடையிலயும் என்ன கொழம்பு, எத்தன மணிக்கு எறக்குவாகன்னு மனப்பாடமாச் சொல்லுவாரு.

அன்னைக்கு அவரு பொண்டாட்டி பூங்கோதை ராமநாதபுரத்துல ஆஸ்பத்திரியில கெடக்கு. ஏழு வருசம் கழிச்சு உண்டான புள்ள. வலி வந்துருச்சு, ஆனா சாயங்காலம் ஆகும்னு சொல்லிட்டாக. மண்டபத்துல ஒரு கடைக்கு ரெண்டு மூடை குடுக்க வேண்டியது பாக்கி. "வெரசாப் போட்டுட்டு ரெண்டு மணிக்குள்ள வந்துருங்க மாப்ள"ன்னு மாமியாரும் சொல்லுச்சு. போனாரு, எறக்குனாரு, திரும்புனாரு. மெயின் ரோட்டுல வண்டிக வரிசையா நிக்கவும், கடலோரமாப் போற உள்ரோட்டுல வண்டிய விட்டாரு.

ஒரு குருவி இல்ல அந்த ரோட்டுல. ரெண்டு பக்கமும் உடைமரம். தார் உருகி டயர்ல ஒட்டுது... சர்ர்ருன்னு. காத்து நின்னு போச்சு. கடல் பக்கத்துலதான் இருக்கு, ஆனா அலைச் சத்தம் கேக்கல. அப்பத்தான் வாசம் வந்துச்சு. மண்சட்டியில கொதிக்கிற நகரை மீன் கொழம்பு வாசம்.

அட, ராக்கு அக்கா கடை! எட்டு வருசமா அந்த ரோட்டுல போனா அவருக்கு அங்கனதான் சோறு. மூணு மாசமா அந்தப் பக்கம் வரல, பூங்கோதைய விட்டுட்டு எங்கயும் போகல. கீத்துக் கொட்டகைதான், ஆனா அந்த ருசிக்கு ராமேஸ்வரத்துல இருந்து ஆளு வரும். கணவாத் தொக்கு, சுறாப்புட்டு, கடைசியா ஒரு ரசம். ராக்கு அக்கா வஞ்சுக்கிட்டேதான் சோறு போடும். "என்னடா கோழி கொத்துன மாதிரி திங்கிற, அள்ளித் தின்னுடா"ன்னு. அந்த வசவுக்காகவே போவாக.

பத்து நிமிசந்தானன்னு எறங்குனாரு.

உள்ள நாலஞ்சு பேரு குனிஞ்சு தின்னுக்கிட்டு இருக்காக. யாரும் நிமிரல. ராக்கு அக்கா எலைய விரிச்சுச்சு, தண்ணி தெளிச்சுச்சு, சோத்த வச்சுச்சு. வசவு இல்ல. ஒரு வார்த்த பேசல. மேலுக்கு முடியல போலன்னு நெனச்சுக்கிட்டாரு. கொழம்பு செக்கச்செவேல்னு இருக்கு... வாயில வச்சா உப்பு இல்ல. ஒறப்பு இல்ல. அவரு காட்டு வத்தல் ஒண்ணு பல்லுல கடிபட்டுச்சு. காகிதத்த மென்ன மாதிரி இருந்துச்சாம். நம்ம வத்தல் எப்பிடி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? கிள்ளுன கைய கண்ணுல வச்சா மூணு நாளைக்கு எரியும்.

அப்பத்தான் இன்னொண்ணு பாத்தாரு. மீன் கடை... ஒரு ஈ இல்ல. பூனை இல்ல. கொல்லப்பக்கம் எச்சி எலைக்கு ஒரு காக்கா இல்ல.

சடங்கா நாலு வாய் அள்ளிப் போட்டுட்டு, கைய கழுவிட்டு எந்திரிச்சாரு. எல்லாரும் சொல்றதத்தான் சொன்னாரு. "வாரேன்க்கா."

பெறகு என்னத்தச் சொல்லுவாரு? போறேன்னா சொல்லுவாரு? வாசல்ல நின்னு எவனாச்சும் போறேன்னு சொன்னா வாயிலயே போட மாட்டாக நம்ம வீட்ல? அந்த அக்காளும் தலைய ஆட்டுச்சு. "வா"ன்னுச்சு.

வண்டிய எடுத்தாரு. ஒரு கல்லுப் பாலம் தாண்டுனாரு. உப்பளம் தாண்டுனாரு. ரோடு லேசா வளைஞ்சுச்சு. நகரை மீன் கொழம்பு வாசம் வந்துச்சு.

முன்னால ராக்கு அக்கா கடை.

எங்கனயோ தப்பாத் திரும்பிட்டோம்னு வண்டியத் திருப்பப் போனாரு. வாசல்ல ராக்கு அக்கா நிக்கிது. "வந்துட்டியா? வா, உக்காரு." உள்ள எலை போட்டாச்சு. தண்ணி தெளிச்சாச்சு. காலு தன்னால உள்ள போச்சுன்னு சொன்னாரு. வயிறு முட்டிக் கெடக்கு, ஆனா கை பெசையுது, வாய் மெல்லுது. நிறுத்த முடியல. தின்னு முடிச்சதும், பழக்க தோசம்... "வாரேன்க்கா."

கல்லுப் பாலம். உப்பளம். வளைவு. வாசம்.

மூணாவது தடவ, போன எடுத்து மணி பாத்தாரு. பன்னெண்டே கால். வண்டியோட நெழலு வண்டிக்கு அடியிலயே ஒடுங்கிக் கெடக்கு, ஒரு விரக்கடை நகரல. அங்கன ஆஸ்பத்திரியில பூங்கோதை வலியில கத்திக்கிட்டுக் கெடக்கும், நான் இங்கன சோறு தின்னுக்கிட்டு இருக்கேனேன்னு கண்ணுல தண்ணி ஊத்துது. ஊத்த ஊத்தத் தின்னாரு.

பக்கத்து எலையில உக்காந்திருந்தவரு அப்பத்தான் பேசுனாரு. தலை நிமிரல. எலையப் பாத்துக்கிட்டே.

"இது எத்தனாவது எலை உனக்கு?"

"மூணுண்ணே."

"நான் எண்ணுறத விட்டுட்டேன்பா. எம்பேரு மதார். வெளிய நிக்கிற ஐஸ் வண்டி என்னுதுதான்."

எட்டிப் பாத்தாரு. ஐஸ் வண்டியில இருந்து தண்ணி சொட்டுது. சொட்டு... சொட்டு... ஆனா கீழ மண்ணு நனையல.

"நீயும் வாரேன்னுதான சொன்ன?" மதார் கேட்டாரு. "அதான்பா இங்கன கணக்கு. வாரேன்னு சொன்னவன் வந்துதான் ஆகணும்."

"அப்ப என்ன சொல்லணும்?"

"ஒருத்தன் போறேன்னு சொன்னான்."

"போயிட்டானா?"

மதார் ஒரு உருண்டை சோத்த முழுங்குனாரு. பெறகு மொகத்தாடையால வாசலக் காட்டுனாரு. அங்கன ஒரு பைக்கு நிக்கிது. சக்கரம் பாதி வரைக்கும் மணலு ஏறிக் கெடக்கு. "வண்டிய எடுக்கல. நடந்தே போனான். கடலப் பாத்து."

போறேன்னும் சொல்ல முடியாது. வாரேன்னும் சொல்லக் கூடாது. அப்ப ஒண்ணுமே சொல்லாம எந்திரிச்சுப் போவோம், எழவு வீட்டுல இருந்து கெளம்புற மாதிரின்னு நெனச்சாரு. எந்திரிக்கப் பாத்தாரு... எந்திரிக்க வரல. பெஞ்சியில தொடை ஒட்டிக்கெடக்கு. சொல்லிட்டாத்தான் அங்கன எந்திரிக்கவே முடியும் போல. எலையில சோறு கொறையக் கொறைய ராக்கு அக்கா வந்து வந்து வைக்குது. அகப்பை சட்டியில உரசுற சத்தம் மட்டும். கரக்... கரக்...

ஏ, யாரு அங்க கைய நோண்டுறது? சும்மா இரு.

அந்நேரம் போனு அடிச்சுச்சு.

மாமியார். "மாப்ள... பொம்பளப் புள்ள. பூங்கோதைக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது மாப்ள. உங்களத்தான் கேக்குறா. எங்கன இருக்கீக?" அம்புட்டுத்தான். லைன் அந்துபோச்சு. மணி பன்னெண்டே கால்.

தலை நிமிந்தா ராக்கு அக்கா எதுத்தாப்புல நிக்கிது. கையில சோத்துத் தட்டு. அன்னைக்கு மொத தடவையா அது அவரு மொகத்தப் பாத்துச்சு.

"என்ன புள்ள?"

"பொம்பளப் புள்ளக்கா."

அந்த அக்காளுக்குப் புள்ளகுட்டி கெடையாது. ஊருக்கே ஆக்கிப் போட்ட கை, ஒரு புள்ளைக்கு ஊட்டுனதில்ல. தட்ட கீழ வச்சுச்சு. மொகம் எளகிப் போச்சு, பழைய ராக்கு அக்கா மாதிரியே ஆயிருச்சு. "எனக்குக் காட்ட மாட்டியா தம்பி?"

அவரு என்ன செய்வாரு? நீங்களா இருந்தா என்ன செய்வீக? அங்கன பொண்டாட்டிக்கு உசுரு போய்க்கிட்டு இருக்கு. பொறந்த புள்ள மொகத்த இன்னும் பாக்கல. யாரு கேட்டாலும் வாயில வர்றதுதான... கையெடுத்துக் கும்பிட்டு அழுதுக்கிட்டே சொல்லிட்டாரு.

"புள்ளயத் தூக்கிட்டு வாரேன்க்கா."

மதார் அப்பத்தான் தலைய நிமித்தி அவரப் பாத்தாரு. "என்னய்யா... என்னய்யா சொல்லிப்புட்ட..."

ராக்கு அக்கா சிரிச்சுச்சு. "சரி. நீ போ"ன்னுச்சு. பெஞ்சி விட்டுருச்சு.

கல்லுப் பாலம் வந்துச்சு. உப்பளம் வந்துச்சு. வளைவு தாண்டி ஊரு வந்துச்சு, பஸ்ஸு வந்துச்சு, சனம் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குள்ள ஓடுறாரு, மணி நாலு. பூங்கோதை கண்ண முழிச்சுக் கெடக்கு. ரத்தம் சட்டுன்னு நின்னு போச்சாம், எப்பிடி நின்னுச்சுன்னு டாக்டருக்கே தெரியல. புள்ள கல்லுக்குண்டு மாதிரி நல்லா இருக்கு. அவரு புள்ளய வாங்கி நெஞ்சோட சேத்து வச்சுக்கிட்டு அழுத அழுகையில வார்டே திரும்பிப் பாத்துச்சுன்னு ஜெயப்பிரியா சொன்னா.

ஒரு மாசம் கழிச்சுத்தான் விசயம் தெரிஞ்சுச்சு. மண்டபத்துல இடியாப்பக் கடை வச்சிருக்குற ஹுமைரா அக்காட்ட வத்தல் போடப் போனவரு, "ராக்கு அக்காளுக்கு மேலுக்கு முடியலையா?"ன்னு கேட்டிருக்காரு. அந்த அம்மா இடியாப்பத் தட்ட கையில வச்சபடி அவரயே பாத்துச்சாம். "என்ன தம்பி கேக்குறீக? காய்ச்சல்ல போய் மூணு மாசத்துக்கு மேல ஆச்சே. கொட்டகையக்கூடப் பிரிச்சாச்சு. அங்கன வெறும் மணலுதான கெடக்கு."

அன்னைக்கோட கடலோரத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்கல. யாவாரத்த மச்சினன்ட்ட விட்டுட்டாரு. வீட்டுலயும் ஒரே சட்டம். யாரும் அந்த வார்த்தையச் சொல்லக் கூடாது. வந்தவுக கெளம்புனா சொல்லாமக் கெளம்பணும். ஜெயப்பிரியா ஒரு தடவ வாயத் தொறக்கப் போக, ஓடி வந்து அவ வாயப் பொத்தியிருக்காரு. மருவாதி தெரியாத வீடுன்னு சொந்தக்காரவுக வர்றத நிறுத்திட்டாக. அவரு கவலப்படல. வெளிக்கதவுக்குப் பூட்டு போட்டு, சாவிய அருணாக்கயித்துல கட்டிக்கிட்டே திரியுறாரு.

புள்ளைக்கு இப்ப ரெண்டே முக்கா வயசு. பேச்சு வரல. காது நல்லாக் கேக்குது, நாக்குல கொறை இல்லன்னு மதுரை வரைக்கும் போய்க் காட்டிட்டாக. சில புள்ளைக்குத் தாமசமாகும்னு சொல்லி அனுப்பிட்டாக.

போன வாரம் ஜெயப்பிரியா போயிருந்தா. மத்தியானம். பூங்கோதை மடியில வச்சு பருப்புச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கு, புள்ள ஆ காட்டி வாங்கிக்கிட்டு இருக்கு. திடீர்னு வாய மூடிருச்சு. யாரோ கூப்புட்ட மாதிரி வாசப்பக்கம் திரும்புச்சு. மடியில இருந்து எறங்குச்சு. பூட்டுன கதவுகிட்டப் போய் நின்னு, ரெண்டு கையையும் கதவுல வச்சுக்கிட்டு, நல்லாத் தெளிவாச் சொல்லுச்சு...

"வாரேன்க்கா."

பொறந்ததுல இருந்து அந்தப் புள்ள பேசுன மொத வார்த்த அதுதான்.