அக்கா கொடுத்த கிட்னி

கிருபாபாய்: …அடிவயித்த அமுக்காத லே. அங்கன வலிக்குதா?

ஹென்றி: லேசா. உக்காந்தே இருந்தா அப்படித்தான்க்கா.

கிருபாபாய்: காலும் வீங்கியிருக்கு. காலைல இருந்து எத்தன தடவ ஒண்ணுக்குப் போன?

ஹென்றி: ரயில்வே ஸ்டேஷன்ல வச்சுக் கேக்குற கேள்வியா இது? எல்லாரும் பாக்காவ.

கிருபாபாய்: பாக்கட்டும். என் கிட்னி, நான் கேப்பேன்.

ஹென்றி: எழுபத்திமூணுல குடுத்த. ரெண்டு வருசமா சொல்லிக்காட்டுத.

கிருபாபாய்: சொல்லிக்காட்டலப்பா… பயமா இருக்கு.

ஹென்றி: வேலூர் ஆஸ்பத்திரில என்ன சொல்லப் போறாவ? படுக்க வச்சு ரத்தம் எடுப்பாவ. மறுபடி அதே மாத்திரை.

கிருபாபாய்: மாத்திரை எதுக்குன்னு டாக்டர் சொன்னார்லா. ரத்தத்துல வெள்ளை அணு இருக்கு, வெளிய இருந்து எது வந்தாலும் அடிக்கும். அதுக்குன்னே ஒரு எதிர்ப்புச் சத்தையும் செஞ்சு விடும்…

ஹென்றி: அத அமத்தி வைக்கத்தான் மாத்திரை. தெரியும். அமத்துனா கிட்னிய மட்டுமா விடுது? கிருமியையும்லா விடுது. ஹார்பர்ல எவனாவது தும்முனா எனக்குக் காய்ச்சல்.

கிருபாபாய்: ம்…

ஹென்றி: ஒரே வயித்துல பொறந்தோம். உன் கிட்னி எனக்கு எப்படிக்கா அன்னியமாவும்?

கிருபாபாய்: ஒடம்புக்கு அக்கா தம்பில்லாம் தெரியாதாம். கப்பல் கயிறு அறுத்த காயம் ஒண்ணு ஆறாமலே கெடந்துச்சே. அது?

ஹென்றி: ஆறிட்டு.

கிருபாபாய்: எப்ப?

ஹென்றி: போன மாசம்.

கிருபாபாய்: அந்த மாத்திரை போட்டா காயம் லேசுல ஆறாதுன்னாரே டாக்டர், எப்படி ஆறுச்சு?

ஹென்றி: ரயிலு வருதான்னு பாருக்கா.

கிருபாபாய்: டாக்டர் கேக்க முந்தி எங்கிட்ட சொல்லிரு லே.

ஹென்றி: ரெண்டு மாசமாச்சு. மொதல்ல பாதியாக் கொறச்சேன். பெறவு… எதுவும் போடல. மாத்திரை டப்பாவக் கடல்ல போட்டுட்டேன்.

கிருபாபாய்: ஏன்?

ஹென்றி: மாத்திரையால மூஞ்சி பூசணிக்காயா ஊதிப்போச்சுக்கா. கூட வேலை பாத்த அய்யாக்குட்டியே, 'அண்ணாச்சி யாரு?'ன்னு கேட்டான். காயமும் ஆறவும், இனி மாத்திரை வேண்டாம்னு நெனச்சேன். காய்ச்சலும் வீக்கமும் வந்தப்பறம்தான் தப்புன்னு தெரிஞ்சுது… உங்கிட்ட எந்த வாயால சொல்ல?

கிருபாபாய்: சொல்லவே வேண்டாம். எனக்கு மூணு வாரமாத் தெரியும். மூஞ்சி வத்தி, நீ பழைய ஹென்றியா ஆயிட்டு வந்த… கேட்டா மறுபடி மாத்திரையப் போட்டுருவியேன்னு, அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.