கேமராவை மறந்த முகம்

படத்துக்குக் கீழே என் பெயரையும் போடுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். உலகத்தில் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் எந்த ஜென்மத்திலும் கேட்கப்படாது என்று ஸம்பத்குமார் ஸார் என்னிடம் சொல்லியிருந்தார். மோட்டார் லாஞ்சில் எனக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்று கேட்டபோதுகூட அவர் முகம் அவ்வளவு சுருங்கவில்லை.

இப்போது உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். துடைக்கட்டும். கிருஷ்ணஸ்வாமி ஐயா, நீங்கள் இந்தப் புகைப்படச் சங்கத்தின் தலைவர். இந்தப் படத்துக்கு முதல் பரிசு கொடுத்தவரும் நீங்கள்தான். "எடுத்தவர் அவர். நீ என்னம்மா செய்தாய்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. செய்ததைச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

என் பெயர் செல்வி. பி.ஏ., பொருளாதாரம். ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியைத் தொடுகிற இடத்தில் பனைமேட்டுக்குப்பம் என்று ஓர் ஊர். அங்கே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அநேகமாகக் கடைசி ஆளும் நான்தான். என்னைப் பார்த்தபிறகு யாரும் பெண்ணைப் படிக்கவைக்கத் துணியமாட்டார்கள். பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டினோம். வேலைதான் கிடைக்கவில்லை. பி.ஏ. படித்தவள் மீன்கூடை தூக்கினால் கூடைக்கே அவமானம் என்று ஊர் நினைத்தது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் ஊருக்கும் ஒரே கருத்து. ஆகவே குடிசைக்குள் உட்கார்ந்து எல்லோர்மேலும் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்போதைக்கு எனக்கு வாய்த்த முழுநேர உத்தியோகம் அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஸம்பத்குமார் ஸார் ஆள் தேடினார். திருவள்ளூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். கோயில் கைங்கரியம் பண்ணுகிற குடும்பம். கேமராவைத் தொடும்முன் கை அலம்புவார், தொட்டபிறகும் அலம்புவார். மெட்ராஸ் புகைப்படக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு எண்ணூரில் லாஞ்ச் ஏறி, கால்வாய் வழியாகப் பழவேற்காடு வரை படகுப் பயணம் போவார். அங்கங்கே இறங்கி முகங்களை எடுப்பார்கள். பழவேற்காட்டை ஏற்கனவே எல்லோரும் எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். அங்கே டச்சுக்காரன் கல்லறைகூடக் கேமராவைக் கண்டால் விறைப்பாக நிற்கப் பழகிவிட்டது. "யாரும் பார்க்காத ஊர் வேணும். ஆத்தங்கரையா இருக்கணும்" என்றார். அதற்கு இங்கிலீஷும் ஏரியும் சேர்ந்து தெரிந்த ஆள் தேவை. இரண்டும் தெரிந்து, இரண்டாலும் பிரயோஜனம் இல்லாமல் ஒருத்தி இருந்தாள்.

யாரும் பார்க்காத ஊரைக் கண்டுபிடிப்பது சுலபம், ஐயா. அங்கே இருக்கிறவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் போதும். நான் கண்டுபிடித்துக் கொடுத்த ஊர்களில் ஒன்றில் என் சித்தி குடியிருந்தாள். லாஞ்சிலிருந்து கை நீட்டி "அதோ, இன்னொன்று" என்று நான் சொல்ல, மெட்ராஸ்காரர்கள் ஆஹா என்பார்கள். புது தேசத்தைக் கண்ட மாலுமி மாதிரி நான் நிற்பேன். சித்தி கரையிலிருந்து, "சாப்ட்டியாடீ?" என்று கத்துவாள்.

போகப்போக வேலை நுணுக்கமாயிற்று. ஊர் கிடைத்தால் போதாது. ஊர், ஊர் மாதிரி இருக்கவேண்டும். கூரையில் தொங்கும் டிரான்சிஸ்டரை எடுத்து உள்ளே வைப்பேன். நைலான் புடவை கட்டியவளைப் பழையதை மாற்றிக்கொண்டு வரச்சொல்வேன்.

"ஏண்டி, நல்ல பொடவ கட்டிகினா உங்க பொட்டிக்குள்ள ஏறாதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஏறும்க்கா. பரிசு வராது."

"பரிசு வந்தா எனக்குக் குடுப்பியா?"

"எனக்கே குடுக்க மாட்டாங்கக்கா" என்றேன். அன்றைக்கு அதை வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

ஒரு ஊரில் ஒரு கைக்குழந்தை. எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டே இருந்தது. சிரிக்கிற குழந்தை யாருக்கு வேண்டும், காலண்டருக்குத்தான் ஆகும். தொடையில் மெதுவாகக் கிள்ளினேன். அழுதது. படம் நன்றாக வந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். அது ஒரே ஆள் செய்கிற பழைய முறை. நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் கிள்ளினேன், அவர் தொட்டிலைப் படமெடுத்தார்.

என் ஊருக்கு மட்டும் நான் அவர்களைக் கூட்டிப்போகவில்லை. ஊரின்மேல் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். வெட்கம்.

இந்தப் போட்டிக்கு முன் கடைசியாகப் போன பயணத்தில் ஸாருக்கு எதுவும் அமையவில்லை. போகிற இடமெல்லாம் பெண்கள் தலையை வாரிக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். "எல்லா முகமும் கேமராவைப் பார்த்துண்டே இருக்கு, செல்வி" என்றார். "கேமரா இருக்கறதையே மறந்த ஒரு முகம் வேணும். எப்படியாவது." அந்த 'எப்படியாவது' என்கிற சொல்லை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். லாஞ்ச் ஓட்டுகிற நாகமுத்துவிடம் பனைமேட்டுக்குப்பத்துக்குத் திருப்பச் சொன்னேன்.

படத்தில் இருப்பவள் குப்பாயி. என் அத்தை, அப்பாவின் அக்கா. அப்பா போனபிறகு கருவாட்டுக் கூடையோடு பொன்னேரிச் சந்தைக்கு நடந்து நடந்து என்னைப் படிக்கவைத்தவள் அவள்தான். அவளுக்கு ஒரே மகன், மாரியப்பன். எனக்கு முறை. நான் பட்டம் வாங்கியதும் எங்கள் இருவருக்கும் முடித்துவைக்க அவளுக்கு ஆசை. கட்டுமரம் தள்ளுகிறவனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்னேன். அதை இங்கிலீஷில் சொன்னேன். புரியவில்லையே என்று அவர்கள்மேல் கோபப்பட அது வசதியாக இருந்தது. மாரியப்பன் கோபப்படவில்லை. "இன்னா சொல்லிச்சு?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அன்று அத்தை குடிசை வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னாடி, கண்ணாலம் கட்டிகினு போடீன்னா கப்பல் கட்டிகினு வந்துக்குற?" என்றாள். ஸாருடைய கேமரா மேலிருந்து குனிந்து பார்க்கிற வகை. நெஞ்சருகே பிடித்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்.

"நைனா எதுக்கு என்னிய கும்புடுறாரு? நான் இன்னும் சாமி ஆவலியே" என்று அத்தை வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தாள். மெட்ராஸ்காரர்களும் சிரித்தார்கள். ஒரு ரோலில் பன்னிரண்டு படம். மூன்றை அத்தை சிரித்தே தீர்த்துவிட்டாள். ஸார் என்னைப் பார்த்தார்.

நான் அத்தை பக்கத்தில் குந்தினேன். கடலுக்குப் போயிருந்த கட்டுமரங்கள் இன்னும் திரும்பவில்லை. அவள் காதருகே சொன்னேன்.

"அத்தே, மொகத்துவாரத்துல மரம் கவுந்துடுச்சாம். மாரி இல்லியாம்."

சொல்லிவிட்டு உடனே விலகிக்கொண்டேன். என் நிழல் அவள்மேல் விழக்கூடாது அல்லவா.

நீங்கள் மாலை போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அதற்கு அடுத்த கணம். வாய் திறந்திருக்கிறது, சத்தம் இன்னும் வரவில்லை. படத்துக்குக் 'காத்திருப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார். அத்தை எதற்கும் காத்திருக்கவில்லை, ஐயா. உங்கள் பாராட்டுரையில் 'கடலோரத்து மௌனம்' என்று சொன்னீர்கள். அது மௌனமும் இல்லை. மூச்சு வரவில்லை.

பிறகு சத்தம் வந்தது. சும்மா சொன்னேன் என்று நான் உடனே சொல்லியிருக்கலாம். ரோலில் இன்னும் எட்டுப் படம் இருந்தது.

ரோல் முடிந்தபிறகு சொன்னேன். அதற்குள் குப்பத்துப் பெண்கள் எல்லோரும் வந்து சேர்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு, மாரியப்பன் பெயர் சொல்லி ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பொய் என்று நான் சொன்னது அத்தைக்கு மட்டும் கேட்டது. உரக்கச் சொல்லியிருக்கலாம். கல்லூரியில் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கிய தொண்டை. அன்றைக்கு அது ஏனோ எழவில்லை. அத்தை என்னை ஒருமுறை பார்த்தாள். அழுகையை நிறுத்தவில்லை. நின்றால்தானே, அது என்ன குழாயா.

லாஞ்ச் நகர்ந்தபோது நாகமுத்து, "யாரும்மே செத்துட்டது?" என்றான்.

"யாரும் இல்ல."

"அப்பால இன்னாத்துக்கு இம்மாம் அழுவுறாங்க?"

"யாரோ பொரளி கௌப்பிட்டாங்க" என்றேன். இது முழுப்பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சாயங்காலம் மாரியப்பன் கூடை நிறைய மீனோடு திரும்பினான். இத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம். உயிரோடிருக்கிறவனுக்கு ஒப்பாரி வைத்துவிட்டால், அவனை யாரும் தங்கள் மரத்தில் ஏற்றமாட்டார்கள், அவன் மரத்தில் ஏறவும் மாட்டார்கள். தண்ணீர் அவனைத் தன் பங்கில் சேர்த்துக்கொண்டுவிட்டது, கூடப் போகிறவனையும் சேர்த்து இழுக்கும் என்பார்கள். இதற்குப் பரிகாரமும் உண்டு. சாவைச் சொன்ன வாய், ஊர் பார்க்கக் கரையில் நின்று, உப்புத்தண்ணீரில் கொப்பளித்துத் துப்பி, நான் சொன்னது பொய் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். தேங்காய்கூட வேண்டாம்.

மாரியப்பன் என்னைத் தேடித் திருவள்ளூருக்கு வந்தான். மீன் வாடை உள்ளே வரும் என்று ஸ்டூடியோ படியிலேயே நின்றுகொண்டான். அத்தை அவனிடம் மட்டும்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள்.

"யாரு சொன்னதுன்னு ஊரே கேக்குது. அம்மா வாயத் தொறக்க மாட்டுது" என்றான். "படிச்ச பொண்ணு, பேரு கெட்டுடும்னுது. நீயே வந்துடு செல்வி. ஒரு வாட்டி கொப்புளிச்சுத் துப்பிட்டுப் போயிடு. ஒனக்கு இன்னா கொறஞ்சிடும்?"

நான் அவனுக்கு மூடநம்பிக்கையைப் பற்றி விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன், தெருவில் போன இரண்டு பேர் நின்று கேட்டார்கள்.

"மூடமோ இன்னாவோ, மரத்துல ஆளு ஏற மாட்றானே" என்றான்.

"கும்மிடிப்பூண்டி பக்கம் புதுசு புதுசா கம்பெனி வருது. போய்ச் சேர்ந்துக்கோ."

"தண்ணில நின்னவன இட்டுகினு போயி இரும்பு காச்சச் சொல்ற." சிரித்தான். "பேஜாரு பண்ணாத செல்வி. வா."

கொள்கை இடம் கொடுக்காது என்றேன். கொள்கை மிகவும் உபயோகமான சாமான், ஐயா. ஊர் முன்னால் நிற்கப் பயமாக இருக்கிறது என்பதைச் சுற்றி வைக்க அதைவிட நல்ல காகிதம் கிடையாது. அவன் படியிறங்கிப் போனான். போகும்போது, "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். எங்கள் ஆட்களுக்கு எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று தெரியாது.

கொஞ்ச நாள் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் வலையைத் தைத்துக் கொடுத்தான். பிறகு ஒரு விடியலில் மரத்தைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். மூன்று பேர் தள்ளுகிற மரம். முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. மரம் கரைக்கு வந்தது.

நாகமுத்துதான் வந்து சொன்னான். அத்தை இந்தமுறை அழவில்லையாம். அழுதுடு, நெஞ்சு அடைச்சுக்கும் என்று பெண்கள் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். "அவனுக்கு அழுவுறத அப்பவே அழுதுட்டேனே" என்றாளாம்.

ஆக, நான் சொன்னது பொய் என்று இனி யாரும் சொல்லமுடியாது. கொஞ்சம் முன்னதாகச் சொல்லிவிட்டேன்.

பரிசு அறிவித்த அன்று நான் இங்கே வந்து படத்தைப் பார்த்தேன். கீழே 'படம்: ஸம்பத்குமார்' என்று இருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அன்றைக்குத்தான் அவரிடம் முழுவதையும் சொன்னேன். அந்த முகம் எப்படி வந்தது, அதற்குப்பின் என்ன ஆயிற்று, எல்லாம். "இதெல்லாம் நீ என்கிட்ட சொல்லியிருக்கப்படாது" என்றார். கை அலம்ப எழுந்து போனார். திரும்பி வந்து, பெயரை மட்டும் எந்த ஜென்மத்திலும் கேட்கப்படாது என்றார். ஏன் என்று அப்போது புரியவில்லை. பெயரைக் கேட்டால், நீ என்ன செய்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்காகச் சொல்லியிருக்கிறார். புத்திசாலி.

கரையில் வராத வாய் இங்கே எப்படி வருகிறது என்று பார்க்கிறீர்கள். அங்கே சொன்னால் பெயர் கெடும். இங்கே சொன்னால் பெயர் போடுவீர்கள். பொருளாதாரம் படித்தவள், ஐயா.

மாரியப்பனைக் கொன்றது யார் என்று கேட்டால் நான் என்று சொல்வேன். அந்த முகத்தை உண்டாக்கியது யார் என்று கேட்டாலும் நான் என்றுதான் சொல்வேன். ஒன்றை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்றை அவருக்குக் கொடுப்பது நியாயம் இல்லை.

தண்ணீர் வேண்டாம். டம்ளரை அந்தப் பக்கம் வையுங்கள். நல்ல தண்ணீர் இதற்கு ஆகாது.

நான் எழுந்துகொள்கிறேன். போலீஸுக்குச் சொல்லவேண்டும் என்றால் சொல்லுங்கள், என் விலாசம் ஸாருக்குத் தெரியும். உங்கள் முடிவுக்காக நான் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வரும்போதே கூடத்தில் நின்று, படத்துக்குக் கீழே ஓர் அட்டையை ஒட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தேன். மைதாப் பசை, பிய்த்தால் சட்டத்து வார்னிஷும் சேர்ந்து வரும். 'செல்வி, பி.ஏ.' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். குப்பாயி என்றும் எழுதத்தான் நினைத்தேன். பி.ஏ. போட்டபிறகு அட்டையில் இடம் இல்லை.